ஒரு நிமிடத்தில் கரையும் இசைத்தட்டு

எங்கள் கல்லூரி விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் மாணவர்கள் கூடிப் படம் பார்ப்பதுண்டு. விடுதிக் காப்பாளர் பொறுப்பும் என் தலையில் இருப்பதால், நானும் ஓர் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அண்மையில் அவர்கள் தேர்ந்தெடுத்தது பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முதற்பகுதி. ‘மிஷன்: இம்பாசிபிள்’ என்னும் ஒற்றர் தொடர் அது. அந்தப் பெயரில் வந்த திரைப்படங்கள் மாணவர்களுக்கு மனப்பாடம். அவற்றுக்கெல்லாம் மூலம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும், இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், காற்றுப் பட்டதும் ஒரு நிமிடத்தில் கரைந்துபோகும் இசைத்தட்டை உண்மையில் செய்ய முடியுமா?” என்று கேட்டான். “முடியாதப்பா, கதைதானே” என்றேன். “ஏன் சார் முடியாது?” என்றான். சட்டென்று என்னிடம் விடை இல்லை. பத்து ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறவன் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு, ஏன் என்பதற்கு ஓர் எண்ணைக்கூடக் காட்ட இயலாமல் நின்றது எனக்கு நாணமாக இருந்தது. அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அப்படிப் பிறந்ததுதான்.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இந்தப் பகுதி 1966 செப்டம்பர் 17-ஆம் நாள், சனிக்கிழமை இரவில், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தொடரைப் படைத்து முதற்பகுதியை எழுதியவர் புரூஸ் கெல்லர். சாண்டா கோஸ்டா என்ற கற்பனை நாடு ஒன்று. ரியோ டொமிங்கெஸ் என்னும் தளபதி அதன் சர்வாதிகாரி. அமெரிக்காவுக்குப் பகையான அவர் கையில் இரண்டு அணுகுண்டுத் தலைகள் கிடைத்துவிட்டன. அவற்றை ஒரு பெரிய ஓட்டலின் காப்பறையில் பூட்டிக் காவல் போட்டிருக்கிறார். டேனியல் பிரிக்ஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு அங்கே போய் அவற்றை எடுத்து வர வேண்டும். மாட்டிக்கொண்டால் அரசு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று கையை விரித்துவிடும்.

இந்தக் கட்டளை ஓர் இசைத்தட்டில் பதிவாகி வருகிறது. காற்றுப் புகாத உறையைக் கிழித்த ஒரு நிமிடத்தில் தட்டு தானே சிதைந்துவிடும் என்று அந்தக் குரலே எச்சரிக்கிறது. பிற்காலப் பகுதிகளில் ஒலிநாடா வந்து, ஒரு நிமிடம் ஐந்து வினாடியாகச் சுருங்கிப் புகழ்பெற்றது. ஆனால் தொடக்கம் இந்தத் தட்டுதான்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது காற்றில் கெடுவதில்லை. உங்கள் தாத்தா வாங்கிய தட்டு இன்றும் பரணில் இருந்தால் பாடும். சரி, வினைல் வேண்டாம், காற்றுப் பட்டால் எரியும் வேறொரு பொருளை எடுத்துக்கொள்வோம். வெண்பாஸ்பரஸ் அப்படிப்பட்டது. நம் ஊர்க் கோடையில் வெளியே வைத்தால் தானே பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் அதைத் தண்ணீருக்கடியில் வைக்கிறோம். அப்படிப்பட்ட வேதிப்பொருள் ஏதேனும் ஒன்றைத் தட்டாக வார்த்துவிட்டதாகவே கொள்வோம். இங்கேதான் வேதியியல் விட்ட இடத்தில் இயற்பியல் பிடித்துக்கொள்கிறது.

தட்டின் தடிமன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். காற்று இரு பக்கங்களிலிருந்தும் தாக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 1 மில்லிமீட்டர் ஆழம் தின்றுவிட்டால் தட்டு காலி. அதற்கு 60 வினாடி என்கிறது கதை. ஆனால் குரல் எங்கே இருக்கிறது? தட்டின் மேற்பரப்பில் கீறியுள்ள வரிப்பள்ளத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர்தான். சிதைவு ஒரே சீரான வேகத்தில் உள்ளே போகிறது என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், பள்ளம் அழிய 60 வினாடியில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 1.8 வினாடி போதும். ஊசியைத் தட்டின்மேல் இறக்குவதற்குள் செய்தி போய்விட்டது!

உண்மை நிலை இதைவிட மோசம். காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு திண்மப் பொருளுக்குள் ஊடுருவிச் செல்வது விரவல் முறையில். விரவலில் தொலைவு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் என்பது பள்ளத்தின் ஆழத்தைப்போல் சுமார் 33 மடங்கு. 33-இன் இருபடி ஏறத்தாழ 1,100. அறுபது வினாடியை 1,100-ஆல் வகுத்தால் 0.054. ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் பள்ளம் மறைந்துவிடும். ‘குட்மார்னிங்’ என்பதில் ‘கு’ கூட முழுதாகக் கேட்காது.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. செய்தி எழுதப்பட்ட இடமும் காற்று முதலில் தொடும் இடமும் ஒன்றே என்பதுதான் தட்டின் சிக்கல். காகிதத்தில் மேலாக எழுதிய மைதான் முதலில் நனையும், காகிதத்தின் உட்புறம் பிறகுதான் நனையும். வகுப்பில் விரவல் விதியைக் கரும்பலகையில் எழுதியபோது கொட்டாவி விட்ட மாணவர்கள், இந்தக் கணக்கைப் போட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தொடரின் தலைப்புக் காட்சியில் வருகிற திரி சரியான அறிவியல். ஒரு தீக்குச்சி உரசப்படுகிறது, திரி பற்றிக்கொண்டு திரையின் குறுக்கே பொரிந்துகொண்டே ஓடுகிறது. 1831-இல் வில்லியம் பிக்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர், சுரங்கத் தொழிலாளர் வெடிமருந்து விபத்தில் சாவதைக் கண்டு, சணல் இழைகளுக்கு நடுவே கருமருந்தை வைத்து முறுக்கிப் பாதுகாப்புத் திரியைச் செய்தார். அது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எரியும். நீளத்தை அளந்தால் நேரத்தை அளந்ததாகிவிடும். கருமருந்திலுள்ள வெடியுப்பே எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவதால், திரி வெளிக்காற்றை நம்பி இல்லை. ஒரு நிமிடத்தில் செய்தியை அழிக்க விரும்பிய ஒற்றர் தலைமையகம் காற்றை விட்டுவிட்டு, உறையில் அரை மீட்டருக்கு மேல் ஒரு திரியை வைத்துத் தைத்திருந்தால் வேலை ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் அது தீபாவளி வெடி மாதிரி இருக்கும், ஒற்றர் வேலை மாதிரி இராது.

திரி ஓடும்போது ஒலிக்கும் லாலோ ஷிஃப்ரினின் இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டு மெல்லிசையில் வழக்கமான நான்கு எண்ணிக்கை இதில் இல்லை, ஐந்து எண்ணிக்கை வருகிறது. அதை அரையரையாகப் பிரித்துப் பத்தாக எண்ணினால் மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று விழும். ‘தகிட தகிட தக தக’ என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், பொருந்தும். நீளம், நீளம், குட்டை, குட்டை. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் இரண்டு கோடு ‘எம்’, இரண்டு புள்ளி ‘ஐ’. தொடரின் பெயரின் முதலெழுத்துகள் அவையே.

கதைக்குத் திரும்புவோம். காப்பறைக்குள் நுழைய அவர்கள் செய்யும் தந்திரம், பூட்டுத் திறப்பதில் வல்லவரான டெர்ரி டார்கோ என்ற சிறுத்த உருவம் கொண்ட மனிதரை ஒரு பெட்டிக்குள் மடக்கி வைப்பது. பளுதூக்கும் வீரரான வில்லி ஆர்மிட்டேஜ், வியாபாரியின் மாதிரிப் பொருள் பெட்டி என்று சொல்லி அதைத் தூக்கிச் செல்கிறார். இடையில் டார்கோவின் விரல்கள் நசுங்கிவிட, அவர் செய்யவிருந்த வேலையைத் தலைவர் பிரிக்ஸே ஏற்க வேண்டியதாகிறது. இந்தத் திருப்பம் அருமையானது. திட்டம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் மனிதனின் பத்து விரல்களை நம்பித்தான் இருக்கிறது என்பதை ஒரு காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

பெட்டிக்குள் ஆள் இருக்க முடியுமா? மூச்சு முட்டாதா? இதற்கும் கணக்கு உண்டு. 80 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 40 உயரம் என்று ஒரு பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டால் கொள்ளளவு 192 லிட்டர். 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடல் ஏறக்குறைய 60 லிட்டர் இடத்தை அடைக்கும். மிச்சம் சுமார் 130 லிட்டர் காற்று. சும்மா இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். இங்கே பலரும் செய்யும் தவறு, ஆக்சிஜன் எப்போது தீரும் என்று பார்ப்பது. ஆக்சிஜன் தீரும் முன்பே கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும். காற்றில் அது நூற்றுக்கு ஐந்து பங்கானால் மூச்சு இரைக்கும், தலை கனக்கும். நூற்றுக்குப் பத்தானால் நினைவு தப்பும். 130 லிட்டரில் ஐந்து பங்கு என்பது 6.5 லிட்டர். அதை வெளிவிட அரைமணி நேரம் போதும். ஒரு மணி நேரத்தில் மனிதர் மயங்கிக் கிடப்பார். அதுவும் அமைதியாக இருந்தால். பெட்டிக்குள் மடங்கிப் பகை நாட்டு ஓட்டலில் கிடப்பவர் அமைதியாகவா இருப்பார்?

ஆனால் காப்பறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்துவிட்டால் கவலை இல்லை. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 22,500 லிட்டர் காற்று இருக்கும். அதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ நான்கு நாள் தாங்கும். ஆகவே ஆபத்து பூட்டிய இரும்பறையில் இல்லை, ஓட்டல் வரவேற்பறையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் இருக்கிறது. படத்தில் நமக்குப் படபடப்பு வரவேண்டிய இடம் அதுதான். நாலைந்து மூச்சுத் துளைகளைக் காட்டியிருந்தால் இந்தக் குறையும் நீங்கியிருக்கும்.

இதுவரை சொன்னவை விளையாட்டுக் கணக்குகள். கதையின் நடுவில் இருக்கும் பொருள் விளையாட்டுப் பொருள் அல்ல. அணுகுண்டுத் தலை என்று இவர்கள் எடுத்து வருவது எப்படிப்பட்ட பொருள்? அதைக் கையில் தூக்க முடியுமா?

நாகசாகியின் மேல் 1945-இல் போடப்பட்ட குண்டில் இருந்த புளுட்டோனியம் ஏறத்தாழ 6 கிலோ. புளுட்டோனியம் மிக அடர்த்தியான உலோகம். குண்டில் பயன்பட்ட வடிவில் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 16 கிராம் எடை. கணக்கிட்டால் அந்த உருண்டையின் விட்டம் 9 சென்டிமீட்டர்தான், ஒரு பெரிய சாத்துக்குடி அளவு. ஆனால் முழுக் குண்டின் எடை நாலரை டன்னுக்கு மேல்! அந்தச் சாத்துக்குடியை எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் நசுக்குவதற்கு வேண்டிய வெடிமருந்தும் கனத்த உறைகளும் சேர்ந்த எடை அது. 1962-இல் சோவியத் நாடு கியூபாவில் கொண்டுபோய் வைத்த நடுத்தூர ஏவுகணைகளின் தலையும் ஒரு டன்னுக்கு மேல் இருந்தது. எத்தகைய பளுதூக்கும் வீரரும் அதைக் கைப்பெட்டியில் தூக்க முடியாது.

அப்படியானால் கதை தவறா? அதுதான் இல்லை. 1961 முதல் 1971 வரை அமெரிக்கத் தரைப்படையிடம் டேவி கிராக்கெட் என்ற சிறு அணு ஆயுதம் இருந்தது. அதன் உள்ளே இருந்த அணுத்தலை சுமார் 23 கிலோதான். நம் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி இரண்டை ஒரே நடையில் கொண்டுபோவார். ஆகவே 1966-இல் கைப்பெட்டியில் அடங்கும் அணுகுண்டு இருக்கத்தான் செய்தது. என் மாணவர்கள் இதை நம்ப மறுத்தார்கள். கற்பனை என்று நாம் சிரிக்கும் இடத்தில் உண்மை நின்றுகொண்டிருக்கிறது.

வெறுங்கையால் தொடலாமா என்பது அடுத்த கேள்வி. புளுட்டோனியம் வெளிவிடுவது பெரும்பாலும் ஆல்ஃபா துகள்கள். காற்றில் அவை நான்கு சென்டிமீட்டர்கூடத் தாண்டுவதில்லை, ஒரு தாள் அவற்றைத் தடுத்துவிடும். உலோக உறைக்குள் இருக்கும் தலையைச் சிறிது நேரம் தூக்குவதால் ஒற்றருக்குப் பெரிய கேடு வராது. கையில் வெதுவெதுப்பு வேண்டுமானால் தெரியும். ஆறு கிலோ புளுட்டோனியம் தன் கதிரியக்கத்தாலேயே ஓயாமல் பத்துப் பன்னிரண்டு வாட் வெப்பம் தந்துகொண்டிருக்கும், ஒரு சிறிய இரவு விளக்கைப்போல. இந்த வெதுவெதுப்பை ஒரு நடிகர் முகபாவத்தில் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெட்டியைத் தூக்கும்போது கனம் தெரிகிறது, உள்ளே இருப்பது என்ன என்பது தெரியவில்லை. இரும்புக்குப் பதில் தங்கக்கட்டிகள் இருந்தாலும், திருடிய ஓவியங்கள் இருந்தாலும் கதை ஒரு வரிகூட மாறியிருக்காது. இந்த முதற்பகுதியைப் பற்றி எனக்குள்ள முதன்மையான குறை இதுவே. அணுகுண்டை ஒரு நகைப்பெட்டியாக நடத்துகிறார்கள். எடுத்து வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அந்த எண்ணம் எவ்வளவு பொய் என்பதைக் காட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒளிபரப்புக்குச் சரியாக எட்டு மாதங்களுக்கு முன், 1966 ஜனவரி 17 அன்று, ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையில் பாலோமாரெஸ் என்னும் சிற்றூரின் மேலே, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும்போது எரிபொருள் விமானத்தோடு மோதியது. ஏழு விமானப்படையினர் இறந்தார்கள். பி-52-இல் இருந்த நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. மூன்று நிலத்தில், ஒன்று கடலில்.

அணுவெடிப்பு நேரவில்லை. ஆனால் நிலத்தில் விழுந்த இரண்டில் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளுட்டோனியம் தூளாகி வயல்களில் பரவியது. சற்று முன் ஒரு தாள் தடுத்துவிடும் என்று சொன்னேன் அல்லவா? அது உலோகக் கட்டியாக வெளியே இருக்கும்போது. தூளாகி மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால், நான்கு சென்டிமீட்டர் தாண்டாத அதே துகள் தன் ஆற்றல் முழுவதையும் பக்கத்திலுள்ள உயிரணுக்களிலேயே கொட்டிவிடும். குறுகிய தொலைவு என்ற நற்குணமே அங்கே கொடுமையாகிறது.

கடலில் விழுந்த குண்டைத் தேட ஏறத்தாழ 80 நாள் ஆயிற்று. அது விழுவதைக் கண்ணால் கண்டவர் பிரான்சிஸ்கோ சிமோ என்ற உள்ளூர் மீனவர். அவர் காட்டிய திசையில், ஆல்வின் என்னும் சிறிய ஆழ்கடல் ஊர்தி ஏறக்குறைய 800 மீட்டருக்கும் கீழே குண்டைக் கண்டது. ஒருமுறை கயிறு அறுந்து மறுபடி ஆழத்துக்குப் போய், கடைசியில் ஏப்ரல் 7 அன்று மேலே வந்தது. இடையில் கடல் நீரால் தீங்கில்லை என்று உலகுக்குக் காட்ட, அமெரிக்கத் தூதரும் ஸ்பெயின் அமைச்சரும் செய்தியாளர் முன்னிலையில் கடலில் இறங்கி நீந்தினார்கள். ஒற்றர் தொடர் எழுதுகிறவருக்குக்கூட இப்படி ஒரு காட்சி தோன்றியிராது!

வயல் மண்ணை வழித்தெடுத்து ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் அடைத்தார்கள். சுமார் 1,400 டன். அது கப்பலேறி அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குப் போய்ப் புதைக்கப்பட்டது. அப்படியும் முடியவில்லை. மிச்சமிருந்த மாசு மண்ணை என்ன செய்வது என்று இரு நாடுகளும் 2015-இல் மறுபடி ஓர் உடன்பாட்டுக் குறிப்பில் கையெழுத்திட்டன. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டு ஆகும். தொடர் தொடங்கும்போது ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போகும் தட்டைக் காட்டுகிறார்கள். அந்தத் தட்டில் பேசப்படும் பொருளோ எந்தக் குரலுக்கும் கட்டுப்பட்டு மறையாத பொருள்.

தொடரில் வருகிற நாடும் அப்படித்தான். சாண்டா கோஸ்டாவின் மக்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது பற்றிப் பேச்சில்லை. காவலர், சிப்பந்தி, கூட்டம். அவ்வளவே. கியூபாச் சிக்கல் நடந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லத்தீன் அமெரிக்கர்கள் என்றால் எவன் கையில் குண்டு கிடைக்குமோ என்று அஞ்சத்தக்கவர்கள் என்ற எண்ணம் அமெரிக்க வரவேற்பறைகளில் இருந்திருக்கலாம். உண்மையில் அந்தக் காலத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? 1963 ஏப்ரலில் பொலிவியா, பிரேசில், சிலி, ஈக்வடார், மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள், தங்கள் பகுதியில் அணு ஆயுதமே கூடாது என்று அறிவித்தார்கள். அதன் பேரில் பேச்சு நடந்து, இந்தப் பகுதி ஒளிபரப்பாகி ஐந்து மாதத்தில், 1967 பிப்ரவரி 14 அன்று மெக்சிகோ நகரில் திலாதெலோல்கோ ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. மக்கள் வாழும் பெரும் நிலப்பரப்பு ஒன்றில் அணு ஆயுதத்தை விலக்கிய முதல் ஒப்பந்தம் அது. அதற்காக உழைத்த மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெசுக்கு 1982-இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முகமூடி இல்லை, பெட்டிக்குள் ஆள் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காற்புள்ளி அரைப்புள்ளிக்கெல்லாம் சண்டை போட்டுக்கொண்ட அலுப்பான வேலை. தொலைக்காட்சிக்கு அது உதவாதுதான்.

இவ்வளவு சொன்னபின், இந்தப் பகுதி பார்க்கத் தகாதது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அதை இரண்டு முறை பார்த்தேன். பேச்சில்லாமல் கைகள் மட்டும் வேலை செய்யும் காட்சிகள் இதில் வருகின்றன. ஒருவர் பூட்டைத் தடவுகிறார், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் மூச்சை அடக்குகிறார். செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பும் மாணவனின் முகத்தில் நான் காணும் அதே கவனம் அங்கே தெரிகிறது. மார்ட்டின் லாண்டாவ் சர்வாதிகாரியாகவும், அந்தச் சர்வாதிகாரிபோல் வேடமிடும் ரோலின் ஹாண்டாகவும் தோன்றுகிறார். ரப்பர் முகமூடி ஒன்று மனிதனின் தாடை எலும்பையும் குரல்வளையின் நீளத்தையும் மாற்றிவிடாது என்று நான் முணுமுணுக்கலாம். ஆனால் அவர் நடையையும் கழுத்தின் விறைப்பையும் மாற்றி நடிப்பதைப் பார்த்தபோது முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழுவின் மின்னணுவியல் வல்லுநர் பார்னி காலியர். அந்த வேடத்தில் நடித்தவர் கிரெக் மாரிஸ் என்னும் கறுப்பின நடிகர். 1966-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்நிலையில் குழுவிலேயே அறிவியல் நன்கு தெரிந்தவராக ஒரு கறுப்பரைக் காட்டி, அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசாமல் விட்டிருக்கிறார்கள். கம்பியை இணைக்க வேண்டுமா, பார்னியைக் கூப்பிடு. அவ்வளவுதான். தொடர் ஏழு ஆண்டுகள் ஓடி, 1973-இல் 171 பகுதிகளோடு நின்றது. முதற்பகுதியின் தலைவர் பிரிக்ஸ் ஒரே ஆண்டில் போய்விட்டார். பார்னியோ கடைசிவரை இருந்தார்.

இசைத்தட்டுக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டி, ‘ஆகவே முடியாது’ என்று சாக்குக்கட்டியைக் கீழே வைத்தபோது, கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடி எழுந்தான். “சார், கரையும் பொருளை மேலே வைத்தால்தானே பள்ளம் முதலில் போகிறது? தட்டை மூன்று அடுக்காகச் செய்தால் என்ன? மேலும் கீழும் மெல்லிய வினைல், நடுவில் காற்றில் எரியும் பொருள். நடுத்துளை வழியாகக் காற்று உள்ளே போகட்டும். கடைசியில்தான் பள்ளத்துக்கு வரும்.”

நல்ல யோசனை என்றேன். ஆனால் நடுத்துளையிலிருந்து விளிம்புவரை 15 சென்டிமீட்டர். விரவல் விதிப்படி அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். பையன் பென்சிலைக் கடித்தபடி இருபடி போட்டான், முகம் வாடியது. சிறிது நேரம் கழித்து, “நடு அடுக்கில் ஊசித்துளைகளாக வழி விட்டால்?” என்றான். எத்தனை துளை, என்ன இடைவெளி என்று கணக்கிட்டு வரும் திங்கட்கிழமை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.